திரும்பி வந்தவனுக்கு எந்தத் துறை?

யாழ்ப்பாணத்தில் 'கல்வெட்டு' என்றால் அது கல்லில் வெட்டப்பட்டதன்று; கடதாசியில் அச்சிடப்பட்டது. ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபின், உற்றார் கூடியிருக்கப் படிக்கப்படும் சிறு நூல் அது. பிள்ளையார் வணக்கம், ஊர்ச் சிறப்பு, குடிச் சிறப்பு, பிறப்பு, கல்வி, உத்தியோகம், மணம், மக்கட்பேறு, மரணம், பின்னர் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று அதற்கொரு வகுத்த ஒழுங்குண்டு. நடுவே திதி வெண்பா வரும். இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றை நான்கடிக்குள் அடக்குவது அந்த வெண்பாவின் வேலை. ஆண்டுதோறும் திவசத்தை எந்நாளிற் செய்வது என்பதைச் சந்ததியார் அதிலிருந்து அறிந்துகொள்வர். ஊர்ப் புலவர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உறவுக்காகவும் கூலிக்காகவும் இத்தகைய பாட்டுக்களை யாத்துக்கொண்டே வந்துள்ளனர். எமது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இவற்றை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. ஆயினும் யாழ்ப்பாணச் சமுதாயம் தன் இறந்தோரை எவ்வாறு நினைவுகூர விரும்பிற்று என்பதை அறிய இவற்றிலும் நேரான சான்று கிடைப்பது அரிது.

கல்வெட்டின் நாயகர் பெரும்பாலும் உத்தியோகத்தர். எழுதுவினைஞர், தபாலதிபர், தலைமையாசிரியர், மலாயா புகையிரதப் பகுதியிலே சேவைசெய்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர், காணியும் தோட்டமும் உடையவர் ஆகியோரே அதிற் பாடப்பெற்றனர். அச்சுக்கூலி கொடுக்க இயலாதவன் வீட்டில் அழுகை இருந்தது, கல்வெட்டு இல்லை. படைவீரன் என்னும் மனிதவகை அந்த ஒழுங்கில் எங்குமே எதிர்பார்க்கப்படவில்லை. அரசாங்க சேவையையே வாழ்வின் பயனாகக் கருதிய ஒரு நடுத்தர வர்க்கம், ஆயுதந் தாங்கிய மகனைத் தன் குடிச்சிறப்பில் எவ்விடத்தில் வைப்பது என்று முன்கூட்டிச் சிந்தித்திருக்க நியாயமில்லை. எனவே 1980களில் குடாநாட்டின் இளைஞர் ஆயிரக்கணக்கில் இயக்கங்களிற் சேர்ந்து, ஊர்தோறும் சாவு வரத் தொடங்கியபோது, வீட்டு இலக்கியம் வாயடைத்து நின்றது. அந்த இடத்தை மேடை இலக்கியம் பிடித்துக்கொண்டது. அதற்குத் துணையாகப் புறநானூறு வந்தது.

புறநானூற்றிலிருந்து எவை வந்தன, எவை வரவில்லை என்பதே இக்கட்டுரையின் முதல் விசாரணை.

மேடைகளுக்கு மூன்று பாட்டுக்கள் போதுமானவையாயிருந்தன. மகன் எங்கே என்று கேட்டவளுக்குத் தன் வயிற்றைப் புலி கிடந்த குகையாகக் காட்டும் காவற்பெண்டின் 86ஆம் பாட்டு ஒன்று. மகன் புறமுதுகிட்டு இறந்தான் என்ற பேச்சைக் கேட்டுச் சீறிச் சென்று, அவன் உடலைக் களத்தில் தேடிக் கண்டு, ஈன்ற நாளினும் மகிழ்ந்த முதியவளைப் பாடும் நச்செள்ளையாரின் 278ஆம் பாட்டு மற்றொன்று. தந்தையையும் கணவனையும் போரில் இழந்தபின்னும், பறையொலி கேட்டு ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி வேலைக் கையிற் கொடுத்தனுப்பும் பெண்ணைப் பாடும் ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாட்டு மூன்றாவது. இவை வலிமையான பாட்டுக்கள் என்பதை மறுப்பவன் தமிழ் அறியாதவன். ஆனால் இவற்றை மேடையேற்றியவர்கள், 279ஆம் பாட்டிலே பாடியவர் குரலில் வியப்போடு கலந்து நிற்கும் நடுக்கத்தைக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் துணிவு கொடியதென்று பாடியவரே உணர்ந்திருக்கிறார். மேடையில் அந்தக் கொடுமை உதிர்ந்து துணிவு மாத்திரம் எஞ்சியது.

அதே தொகையில், இரண்டு பாட்டுக்களுக்கு அப்பால், அரிசில் கிழாரின் 281ஆம் பாட்டு இருக்கிறது. காஞ்சித் திணையைச் சேர்ந்தது. அங்கே களம் இல்லை, வீடு இருக்கிறது. புண்பட்ட கணவன் உள்ளே கிடக்கிறான். மனைவி தன் தோழியரை அழைத்து, வீட்டிறைப்பில் இரவ இலையும் வேப்பிலையும் செருகச் சொல்கிறாள். யாழை மீட்டச் சொல்கிறாள். வெண்கடுகு தூவி, குழலூதி, மணி அசைத்து, காஞ்சிப் பண் பாடி, வீடெங்கும் நறும்புகை எழுப்பிப் புண்ணுற்றவனைக் காக்கச் சொல்கிறாள். தொல்காப்பியமும் இதற்கொரு துறை வகுத்துத் தொடாக்காஞ்சி என்று பெயரிட்டது: புண்பட்டவனைப் பேய் அண்டாதபடி மனைவி காத்தல். கல்லைக் கண்டு தேர்வது முதல் நட்டு வாழ்த்துவது வரை நடுகல்லுக்கு ஆறு நிலைகளை வகுத்த அதே நூல், சாகாமல் வீடு வந்தவனுக்கும் அவன் பக்கத்தில் விழித்திருப்பவளுக்கும் ஓரிடம் கொடுத்திருக்கிறது. மூன்று தசாப்தகாலப் போரில் எமது மேடைகளில் இந்தப் பாட்டு ஒலித்ததாக எனக்கு நினைவில்லை. இறந்தவன் மேடைக்குத் தேவைப்பட்டான். படுக்கையிற் கிடப்பவனால் மேடைக்குப் பயனில்லை. அவன் சோறு கேட்பான், மருந்து கேட்பான், சில வேளைகளில் கேள்வியும் கேட்பான்.

வீரயுகப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வழிபடலாகாது என்று எமக்குக் கற்பித்தவர் பேராசிரியர் க. கைலாசபதி. பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் செய்த ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் ஆங்கில நூலாக வெளிவந்தது. பாணரும் புலவரும் குறுநில மன்னரை அண்டி வாழ்ந்த ஒரு சமுதாய அமைப்பின் விளைவாகவே அப்பாட்டுக்களை அதில் அவர் விளக்கினார். புகழ் என்பது அங்கே ஒரு கொடுக்கல் வாங்கல். புரவலன் சோறும் கள்ளும் யானையும் கொடுத்தான். பாடுபவன் பெயரைக் கொடுத்தான். யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராகவும் பணியாற்றிய கைலாசபதி 1982 டிசம்பர் 6ஆம் திகதி காலமானார். அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்னரே, நவம்பர் 27ஆம் திகதி, விடுதலைப் புலிகள் தம் முதல் மாவீரனாகப் பின்னர் நினைவுகூர்ந்த சங்கர் என்ற இளைஞன் இறந்திருந்தான். வீரயுகத்தை ஆராய்ந்தவர் கண்மூடிய வாரங்களிலேயே இன்னொரு வீரயுகம் தொடங்கிற்று. அதை ஆராய அவர் இருக்கவில்லை. அவருடைய அளவுகோலை எடுத்து அளந்திருக்க வேண்டிய நாங்களும், ஒரு சிலர் நீங்கலாக, பேசாதிருந்தோம்.

உயிரோடு மீண்ட படைவீரனைப் பற்றிய கேள்வி இந்நாட்டுக்குப் புதிதன்று. ஒரு பூவின் காரணமாக அது ஏற்கெனவே தெருவுக்கு வந்த கேள்வி.

முதலாம் உலகப்போருக்குப் பின், பிரித்தானியாவில் 1921 முதல் நவம்பர் 11ஆம் திகதியன்று செந்நிறப் பொப்பிப் பூ விற்றுப் பழைய படைவீரருக்கு நிதி சேர்க்கும் வழக்கம் ஏற்பட்டது. பேரரசு எங்கணும் அது பரவியது. இலங்கையில் பள்ளிப் பிள்ளைகளும் அதை வாங்கினர். சேர்ந்த பணத்தினால் நன்மையடைந்தோர் பிரித்தானிய வீரர். இலங்கையிலிருந்து போய் அதே போரில் அடிபட்டு வந்தவன் கைவிடப்பட்டான். 1931இல் ஏலியன் பெரேரா என்ற முன்னாட் படைவீரர் ஒருவர் அதே நாளில் சூரிய மலரை விற்று, அந்தப் பணத்தை வறிய இலங்கை வீரருக்குக் கொடுக்க முன்வந்தார். 1933இல் தென்கொழும்பு இளைஞர் கழகத்தார் அதை ஏகாதிபத்திய எதிர்ப்பும் போர் எதிர்ப்பும் கொண்ட இயக்கமாக மாற்றினர். ஆங்கிலப் பெண்மணியான டொரீன் யங், பின்னாளில் டொரீன் விக்கிரமசிங்க, பூக்களின் போரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதித் தன் இனத்தவரின் வசையைப் பெற்றுக்கொண்டார். இயக்கத்தின் முதல் தலைவர் அவரே. இணைச் செயலாளர் இருவருள் ஒருவர் றொபின் இரத்தினம். அந்த இளைஞர் வட்டத்திலிருந்தே 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. பூவை வாங்கியோர் பெரும்பாலும் ஏழைகள். பெட்டியில் விழுந்த பணம் அற்பம்.

சூரிய மலர் என்று தெற்கிலே சொல்லப்படுவது எமது பூவரசம் பூவேயாகும். யாழ்ப்பாணத்தின் கிடுகு வேலிகளில் கதியாலாக நிற்கும் அதே பூவரசு. இந்த இயக்கத்தைப் பற்றிப் படிக்கும் யாழ்ப்பாண மாணவன் ஏதோ சிங்கள நாட்டுப் பூ என்று எண்ணிக்கொள்வான் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். 1931இலே சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்து நாடெங்கும் பேசப்பட்ட இளைஞர் காங்கிரஸ் இந்த மண்ணிலேயே இருந்தது. அந்த நாட்களில் இடதுசாரிகள் கேட்ட கேள்வி எளியது: வீரனுக்கு மரியாதை என்கிறீர்கள், பெட்டியில் விழும் காசு எந்த வீட்டுக்குப் போகிறது? நினைவஞ்சலி எதையும் மதிப்பிடுவதற்கு இதனினும் நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

இக்கேள்வியோடு கோப்பாய்க்கு வருவோம். 1989இல் மாவீரர் நாள் தொடங்கியது. 1991இலிருந்து இறந்த போராளிகளை எரிக்காமல் அடக்கம் செய்யும் வழக்கம் ஏற்பட்டது. துயிலும் இல்லங்கள் தோன்றின. கார்த்திகைப் பூ அந்நாளின் அடையாளமாயிற்று. இதை முழுவதும் பிரசாரம் என்று ஒதுக்குவோர் யாழ்ப்பாணத்தின் சுடலைகளை அறியாதவர்கள். பிணத்தை எரிக்கும் இடத்திற்கூடச் சாதி பார்த்த மண் இது. 1944இல் வில்லூன்றி மயானத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் தம் பிணத்தை எரித்ததற்காக ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மண்ணில், ஒரே அளவான கற்கள் ஒரே வரிசையில், குடிச்சிறப்பும் ஊர்ச்சிறப்பும் இன்றி நின்றன. கல்வெட்டுப் பாட முடியாத குடும்பத்தின் பிள்ளைக்கும் அங்கே கல் கிடைத்தது. இதை நான் சிறிய விடயமாகக் கொள்ளவில்லை.

ஆனால் அந்த வரிசைக்கு ஒரு வேலி இருந்தது. 1986இல் சகோதர இயக்கங்கள் அழிக்கப்பட்டபோது வீதியில் இறந்த ரெலோ இளைஞனுக்கு அங்கே கல் இல்லை. மே 6ஆம் திகதி சிறீ சபாரத்தினத்தை நினைப்போர் வேறு. யூன் 19ஆம் திகதி பத்மநாபாவுக்காகத் தியாகிகள் தினம் கொண்டாடுவோர் வேறு. யூலை நடுப்பகுதியில் வீரமக்கள் தினம் கொண்டாடும் புளொட் அமைப்பினர் வேறு. ஒரே கிராமத்தில் மூன்று தாய்மார் மூன்று வெவ்வேறு நாட்களில் விளக்கேற்ற, மற்ற இருவரும் கதவைச் சாத்திக்கொள்ளும் நிலை எமது அரசியலின் பெறுபேறு.

சொல்லையும் கவனிக்க வேண்டும். புதைத்தல் என்பது விலக்கப்பட்டு 'விதைத்தல்' என்ற சொல் புகுத்தப்பட்டது. அழகிய உருவகந்தான். ஆனால் விதைத்தவன் அறுவடையை எதிர்பார்ப்பான். ஒரு மகனை விதைத்த வீட்டிடம் அடுத்த மகனைக் கேட்பதற்கு அந்த உருவகத்தில் இடமுண்டு. கேட்கவும்பட்டது. போரின் இறுதி ஆண்டுகளில் வன்னியிலே வீட்டுக்கொருவர் என்று கட்டாயமாகப் பிள்ளைகள் கொண்டுசெல்லப்பட்டபோது, பதுங்கு குழியிலும் காட்டிலும் மகனை ஒளித்த தாய்மாரும், பருவம் வருமுன்னரே மகளுக்கு அவசரமாகத் தாலி கட்டுவித்த தாய்மாரும் இருந்தனர். 279ஆம் பாட்டின் தாயை அறிந்த எமது கவிஞர்களுக்கு இந்தத் தாயைப் பாட ஒரு துறை தெரிந்திருக்கவில்லை.

பின் வந்த அழிப்பு கேள்விக்கு விடையாகாது. 1995இல் குடாநாட்டை இராணுவம் கைப்பற்றியபின் கோப்பாய்த் துயிலும் இல்லம் தகர்க்கப்பட்டது. 2002 உடன்படிக்கைக்குப் பின் மீளக் கட்டப்பட்டது. போர் முடிந்தபின் மீண்டும் இடிக்கப்பட்டு, 2011இல் அவ்விடத்தில் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. புதைகுழியின்மேல் பாசறை கட்டுவோர், எதிரியின் அரசியலைத் தோற்கடித்ததாக எண்ணக்கூடும். அவர்கள் எடுத்துக்கொண்டது தாய் ஒருத்தி குந்தியிருந்து அழுவதற்கான ஆறடி நிலத்தை. பிற்பட்ட ஆண்டுகளில் மக்கள் அந்த வளவுக்கு வெளியே வீதியோரத்தில் விளக்கேற்றினர்.

குடாநாட்டின் வாயிலில், ஆனையிறவில், வெற்றிபெற்றவர் தம் வீரனை நிறுத்தியிருக்கின்றனர். 1991 யூலையிலே அம்முகாமைப் புலிகள் தாக்கியபோது, கவசமிட்ட மண்வாரி இயந்திரத்தை நோக்கிப் பாய்ந்து அதைத் தடுத்து மாண்ட காமினி குலரத்னவின் சிலை அங்கிருக்கிறது. அந்த இயந்திரமும் துருப்பிடித்து நிற்கிறது. அவன் ஹசலக என்ற கிராமத்துப் பிள்ளை, லான்ஸ் கோப்ரல். சிலை உயரமானது, சுற்றுலாப் பேருந்துகள் அங்கே நிற்கும். அதே சமரில், அவன் இறப்பதற்கு மூன்று நாட்கள் முன்னர், யூலை 11ஆம் திகதி, மறுதரப்பில் கப்டன் வானதி இறந்தாள். கவிதை எழுதிய பெண் அவள். இறந்தபின்னரே அவள் கவிதைகள் நூலாயின. அதே வெட்டையில் அவளுக்கு ஒரு கல்லும் இல்லை. சிலை இருப்பவனையும் கல் இல்லாதவளையும் வைத்து ஒரு தராசு கட்டுவது எனது நோக்கமன்று. அரசு வென்றது, அதனாற் சிலை வைத்தது. ஆனால் காமினியோடு களத்தில் நின்று கால் இழந்து வீடு திரும்பிய சிங்கள வீரன் என்ன ஆனான் என்று கேட்பவர், 2016இல் ஊனமுற்ற முன்னாட் படையினர் ஓய்வூதிய உரிமை கோரிக் கொழும்பு வீதியில் அமர்ந்த செய்தியைத் தேடிப் படிக்கலாம். வெற்றியின் சிலை நிழல்கூட அவர்கள்மேல் விழவில்லை. பொப்பிப் பூவுக்கு எதிரே ஏலியன் பெரேரா நின்ற நாளிலிருந்து இந்த விடயத்தில் நாடு அதிக தூரம் நகர்ந்துவிடவில்லை.

எமது தரப்பில் மீண்டவர் கதை இதனினும் கடினமானது. 2009இன் பின் சுமார் 12,000 பேர் அரசாங்கத்தின் புனர்வாழ்வு முகாம்கள் வழியாக வெளியே விடப்பட்டனர். 'மாவீரர்' என்ற சொல் இறந்தவனுக்கே உரியது. மீண்டவனுக்கு எமது மொழி கொடுத்தது 'முன்னாட் போராளி' என்பது. அரசு கொடுத்தது 'புனர்வாழ்வு பெற்றவர்' என்பது. முதலாவது, அவன் இப்போது எதுவுமில்லை என்கிறது. இரண்டாவது, அவன் முன்பு நோயாளியாயிருந்தான் என்கிறது. விசாரணைக்கு வருவோர் ஒருபுறம், வேலியோரம் கண்டும் காணாமற் செல்லும் அயலார் மறுபுறம். நவம்பரில் உரத்துப் பாடும் கவிஞர் சிலர், ஒரு கையில்லாத பெண் தம் வீட்டு மகனுக்கு மணம் பேசப்பட்டால் என்ன சொல்வார்கள் என்பதை யாழ்ப்பாணத்தவர்க்கு நான் விளக்கத் தேவையில்லை.

இந்த மௌனத்தை உடைத்தது கவிதையன்று, உரைநடை. 1990இல் நடந்த மாங்குளம் தாக்குதலுக்கான பயணத்தை 'போர் உலா' என்று எழுதிய மலரவன் 20 வயதில், 1992இல் களத்தில் இறந்தவன். உலா என்றால் அரசன் பவனி வர மகளிர் மயங்கும் பிரபந்தம். மலரவனுடைய உலாவில் வழியிலே சோறு தந்த வீடுகளும் அவ்வீட்டார் வறுமையும் வருகின்றன. அதுவே அந்நூலின் உயிர். தப்பி வந்தவர்களின் எழுத்து வேறுவகை. அல்லைப்பிட்டியில் பிறந்து சிறுவயதிலேயே இயக்கத்திற் சேர்ந்து விலகிப் பிரான்சுக்குப் போன ஷோபாசக்தி 2001இல் 'கொரில்லா' எழுதினார். வீரத்தைப் பற்றிய எமது மொழியையே அந்நாவல் எள்ளி நகையாடிற்று. அவர் எள்ளல் சில இடங்களில் எனக்கு உவப்பானதன்று. இறந்தவனைப் பார்த்து நகைப்பது எளிது. ஆயினும் வாழும் போராளி ஒருவன் தனக்காகத் தானே பேசிய குரல் அது. 2016இல் வெளிவந்த தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' வேறொரு குரல். பெண்கள் அரசியற் பிரிவின் பொறுப்பாளராயிருந்து, சிறையும் முகாமும் கண்டு, 2015இல் நோயால் இறந்த அப்பெண், தன் இயக்கம் எங்கே பிழைத்தது என்று நிதானமாக எழுதினாள். அது அவள் எழுத்தேயன்று என்றும், துரோகம் என்றும் ஆரவாரித்தவர்கள் அவள் போரில் இறந்திருந்தால் அவள் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள். இந்நூலின் நடை சில இடங்களில் அறிக்கைபோல வறண்டிருக்கிறது என்பது உண்மை. ஆனால் இலக்கிய மாணவர் அதை 281ஆம் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். அங்கே மனைவி பேசுகிறாள், புண்பட்டவன் பேசவில்லை. இங்கே புண்பட்டவளே பேசுகிறாள்.

பாடத்திட்டத்தில் 278உம் 279உம் கற்பிக்கும் ஆசிரியர் நண்பர்கள் 281ஐயும் சேர்த்துக் கற்பிப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வகுப்பில் முன்வரிசையில் இருக்கும் பிள்ளையின் தகப்பன் செயற்கைக் காலோடு கடை வைத்திருப்பவனாக இருக்கலாம். வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று அந்தப் பிள்ளை பழகியிருக்கும்.

கல்வெட்டைப் பற்றித் தொடங்கிய பேச்சில் ஒன்று மிச்சமிருக்கிறது. திதி வெண்பாவுக்கு நாள் வேண்டும். 2009 மே மாதத்தில் இராணுவத்திடம் பெற்றோர் கண்முன்னே சரணடைந்தவர்களுக்கு நாள் இல்லை. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. உறவினரோ 2017 பெப்ரவரி 20ஆம் திகதி முதலே கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் கொட்டில் போட்டு இருந்துவிட்டனர். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றபோது வேண்டாம் என்றனர். எமது புலவர்கள் ஆயிரம் வெண்பா பாடியிருக்கலாம். ஆண்டும் திதியும் தெரியாத ஒருவனை நான்கடியில் அடக்கும் வித்தை யாருக்கும் தெரியாது. சில வீடுகளில் மகனைக் கடைசியாகக் கண்ட நாளில் அவனுக்குப் பிடித்த கறியை ஆக்கி வைக்கிறார்கள். அதைத் திவசம் என்று சொல்வதில்லை.

கொட்டிலில் இருந்த பெற்றோரிற் பலர் பிள்ளையின் முடிவை அறியாமலே இறந்துவிட்டனர். யாழ்ப்பாணத்து மரண அறிவித்தலில் மக்களின் பெயர்களை வரிசையாக இடுவது வழக்கம். இறந்த பிள்ளைக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று வரும், மற்றவர்க்குப் பின்னால் கனடா, லண்டன் என்று அடைப்புக்குறிக்குள் வரும். அத்தகைய அறிவித்தல்களில் ஒரு பெயர் மாத்திரம் முன்னே அடைமொழியின்றி, பின்னே ஊருமின்றி நிற்கும்.